‘அறுப்பு முடியட்டும்’: தள்ளிப்போடும் வைத்தியமும் தொலையும் தூக்கமும்

காட்டுமன்னார்கோவில் பக்கம் ‘சம்பா அறுப்பு முடியட்டும்’ என்பார்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ‘தடைக்காலம் வரட்டும், பார்த்துக்கலாம்’ என்பார்கள். பண்ருட்டி முந்திரிக் காடுகளில் ‘கொட்டை பொறுக்கி முடியட்டும்’, சிதம்பரம் வீதிகளில் ‘தரிசனம் போகட்டும்’. ஊருக்கு ஊர் காரணம் மாறும். தள்ளிப்போவது எல்லா ஊரிலும் வைத்தியம்தான். மூன்று மாதமாகத் தெறிக்கும் கடைவாய்ப் பல், நாள் கணக்கில் நிற்காத மாதவிலக்கு, இரவில் நாலைந்து முறை எழுப்பும் சிறுநீர், குளிக்கும்போது மார்பில் தட்டுப்பட்ட சின்னக் கட்டி என்று தள்ளிப்போடப்பட்டவற்றின் வரிசை நீளமானது.

இந்தத் தாமதத்துக்கு என்ன விலை என்று கேட்டால், நோய் முற்றும், செலவு கூடும் என்று எவரும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் நோய் முற்ற மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதற்கு வெகு முன்பே கைவிட்டுப் போவது தூக்கம். தூக்கம் போன வழியிலேயே மனநிம்மதியும் போகிறது. கடலூர் மாவட்டத்து மருத்துவ வசதி பற்றிப் பேசும்போது படுக்கைகளின் எண்ணிக்கை, டாக்டர் பணியிடங்கள், ஸ்கேன் இயந்திரம் எல்லாம் பேச்சில் வருகின்றன. இங்குள்ளவர்கள் இரவில் தூங்குகிறார்களா என்ற கேள்வி வருவதில்லை. அந்தக் கேள்வி இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் கேட்கப்பட வேண்டும்.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ‘ராத்திரி ஒண்ணுக்குப் போறது ஜாஸ்தியாயிடுச்சு’ என்று வீடுகளில் சொல்வது இதைத்தான். நரம்பு பாதித்தவர்களுக்குப் பாத எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாத அந்த எரிச்சல், படுத்ததும் முழுக் கவனத்தையும் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே மூச்சாக மூன்று மணி நேரத் தூக்கம்கூட வாய்ப்பதில்லை.

கெட்ட தூக்கம் சும்மா இருப்பதுமில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். எந்த நோயும் இல்லாத அவர்களுடைய உடல், உண்ட சர்க்கரையைக் கையாளும் திறனில் கண்கூடாகப் பின்தங்கியது. சர்க்கரை தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் சர்க்கரையை ஏற்றுகிறது. ‘அறுப்பு முடிந்து போகிறேன்’ என்பவர், அறுப்பு முடியும்போது புறப்பட்ட இடத்தில் நிற்பதில்லை.

குறட்டையின் கதை இன்னும் மோசம். குறட்டை விட்டுத் தூங்குபவரை ‘நல்லா அசந்து தூங்குறார்’ என்று வீடே நினைக்கும். அவர்களில் பலருக்குத் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாய் அடைபட்டு, பத்து விநாடியும் அதற்கு மேலும் மூச்சு நிற்கிறது. மூளை திடுக்கிட்டு எழுப்ப, மூச்சு திரும்புகிறது. ஒரே இரவில் இது பல பத்து முறை நடக்கலாம். விடிந்ததும் தலைவலி, பகலெல்லாம் அசதி, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், மருந்துக்குக் கட்டுப்படாத ரத்த அழுத்தம். உலகில் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 94 கோடிப் பேருக்கு இந்தத் தூக்க மூச்சடைப்பு இருக்கலாம் என்று 2019-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த மதிப்பீடு சொன்னது. மூச்சுக்குழாயைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும் சிபாப் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-லேயே உலகுக்கு அறிவித்துவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் குறட்டைக்காக டாக்டரிடம் போவது நம் ஊர்களில் வேடிக்கையாகவே பார்க்கப்படுகிறது. இரவெல்லாம் லாரியும் பேருந்தும் ஓட்டுபவர்கள், நெய்வேலி சுரங்கத்தில் மாறி மாறி ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நிறைந்த மாவட்டத்தில் இது அந்த வீட்டோடு முடியும் விஷயம் அல்ல.

பெண்களின் தூக்கத்துக்கு வேறு எதிரிகள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடலில் இரும்புச்சத்து குறைந்தால், படுத்ததும் காலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லும் இனம்புரியாத குடைச்சல் வரலாம். ‘காலு ஒரு மாதிரி இழுக்குது’ என்று சொல்லி, எழுந்து நடந்து, தைலம் தேய்த்துப் படுத்து, மறுபடி எழும் பெண்களில் எத்தனை பேருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நடந்திருக்கும்? தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. வீட்டில் அதற்குச் சூட்டப்படும் பெயர் ‘கவலை’. மாதவிலக்கு நின்றுபோகும் வயதில் நள்ளிரவில் உடம்பு தகித்து வியர்த்து எழுபவர்களுக்கும் அதே பெயர்தான்.

உடம்பின் வேதனை இப்படி என்றால், பயத்தின் வேதனை தனி. மார்பில் கட்டியை உணர்ந்த பெண், பகலில் உலை வைக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், முந்திரி உடைக்கப் போகிறாள். கட்டியின் நினைவு வேலைக்குள் மறைந்துகிடக்கிறது. விளக்கணைத்ததும் கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது. நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதா, புற்றுநோயா, எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை போதும். அது தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும், இல்லாமலும் இருக்கக்கூடிய ஒரு நோயின் அச்சத்தை அவள் முழுவதுமாகச் சுமக்கிறாள்.

கடலூர் மாவட்டத்து மண்ணிலேயே பிறந்து, 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், அன்றாட ஒழுக்கம் பற்றிய உபதேசத்தில் உணவுக்கும் உறக்கத்துக்கும் அளவு சொன்னதோடு அச்சத்துக்கும் அளவு சொன்னார். அச்சம் அறவே கூடாது என்பது அவர் விதித்த அளவு. உறக்கத்தையும் அச்சத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஆழ்ந்த அனுபவம் இருக்கிறது.

தூக்கம் குறைந்த மூளை அச்சத்தைப் பெரிதாக்கும் என்பதை இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. ஒரே ஓர் இரவு விழித்திருந்தவர்களுக்கு வேதனை தரும் படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்த அமெரிக்க ஆய்வாளர்கள், பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா பகுதி தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியதை 2007-ல் பதிவு செய்தார்கள். தூக்கமின்மை இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று 2011-ல் 21 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். மனம் சோர்ந்தவருக்கு டாக்டரிடம் போகும் உற்சாகம் இருக்காது. வைத்தியம் மேலும் தள்ளிப்போகும்.

தூக்கத்தைத் தேடி மக்கள் தாங்களாகவே சில வழிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆண்களுக்கு டாஸ்மாக். மது முதலில் கண்ணை அயரவைக்கும். பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக உடைக்கும். மூச்சடைப்பு இருப்பவருக்குத் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மற்றவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதி. அடிப்படை நோய் அப்படியே இருக்க, அதன் மேல் இன்னொரு பழக்கம் ஏறிக்கொள்கிறது.

இதெல்லாம் எங்கே போய் முடியலாம் என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஆண்டு இந்தியாவில் நடந்த தற்கொலைகளில் 31.7 சதவீதத்துக்குக் குடும்பப் பிரச்சினைகள் காரணம் என்று பதிவானது. அதற்கு அடுத்த காரணம் நோய்: 18.4 சதவீதம். கடனும் காதல் தோல்வியும்கூட அதற்குப் பின்னால்தான் வருகின்றன. நோய் தாங்காமல் உயிரை விட்டவர்களில் எத்தனை பேர் உரிய நேரத்தில் வலிக்கும் தூக்கத்துக்கும் வைத்தியம் கிடைத்து வாழ்ந்திருக்கக்கூடியவர்கள் என்பதை எந்த அரசும் எண்ணிப் பார்க்கவில்லை.

சரி, ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? ‘அலட்சியம்’ என்பது எளிதில் வாயில் வரும் பதில். கடலூர்க்காரர்களை அந்தச் சொல்லால் அடிப்பதற்கு முன் இந்த மாவட்டம் பட்டதைப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை இந்தக் கரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் வெள்ளம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரைபுரண்டு ஊருக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் கூரை, அடுத்து படகு, வலை, மரக்கன்று, பிள்ளை படிப்பு, வட்டி. உடம்பின் முறை கடைசியில்தான் வரும். புதிதாக நட்ட பலா காய்க்கப் பல ஆண்டு ஆகும். அதுவரை அந்த வீட்டில் எதற்கெல்லாம் ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லியிருப்பார்கள்! சுனாமிக்கு இரண்டு மாதம் கழித்துத் தமிழகக் கடலோர மீனவக் கிராமம் ஒன்றில் நடத்திய ஆய்வில் 12.7 சதவீதம் பேருக்குப் பேரிடருக்குப் பிந்தைய மனநோய் அறிகுறிகள் இருந்தன. கெட்ட கனவும் தூக்கக் கலைவும் அந்த நோயின் முக்கியமான அடையாளங்கள். வீடு கட்டிக் கொடுத்த அளவுக்கு இவற்றை யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்தது தூரமும் கூலியும். கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி கடலூரில் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-ல் சிதம்பரத்தில் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான், மாணவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2021-ல் சுகாதாரத் துறைக்கு மாறி அந்தப் பெயரைப் பெற்றது. மாவட்டத் தலைமை மருத்துவமனை நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கடலூர் மஞ்சக்குப்பத்தில். மேற்கு ஓரத்துத் திட்டக்குடிக்காரருக்கு இரண்டுமே தொலைவு. அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு நடப்பது பெரும்பாலும் காலையில். அந்தக் காலைதான் கூலி வேலைக்கும் உரிய நேரம். டாக்டரைப் பார்ப்பது என்றால் ஒரு நாள் கூலி போகும், கூட வருபவரின் கூலியும் போகும், பேருந்துச் செலவு, டீச் செலவு வேறு. சிகிச்சை இலவசம் என்றாலும் சிகிச்சைக்குப் போவது இலவசம் அல்ல.

இதே மக்கள் தள்ளிப்போடாத வைத்தியம் ஒன்று இருக்கிறது: பிரசவம். மேலே சொன்ன அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் வீட்டுத் திண்ணையில் மருத்துவச்சி பார்த்த அதே ஊர்களில்தான் இது நடந்தது. தாய்மார்கள் இறப்பதை ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்ற இருவர் 1994-ல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் கவனிப்பதில் தாமதம். பிரசவத்தில் தமிழ்நாடு மூன்றையும் உடைத்தது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து பெயரைப் பதிந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியாக வளர்ந்தது. 108 வண்டி வாசலுக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவிலும் திறந்திருந்தன. தள்ளிப்போடுவது மக்களின் பிறவிக் குணமாக இருந்திருந்தால் பிரசவத்தையும் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதே பாதை போடும் முயற்சி 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற பெயரில் தொடங்கியது. பலனும் தெரிகிறது. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் வெறும் 7.3 சதவீதம் பேரிடமே அது கட்டுப்பாட்டில் இருந்தது. 2023-24 கணக்கெடுப்பில் 17 சதவீதமானது. சர்க்கரையில் 10.8-லிருந்து 16.7 ஆனது. நல்ல வளர்ச்சி. இன்னும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே எண்கள் சொல்லும் செய்தி.

இந்தத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர், அந்தத் தெருவையே அறிந்தவர். அவர் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதும் பதிவேட்டில் இன்னொரு கட்டம் சேர்க்கலாம்: ‘ராத்திரி தூக்கம் எப்படி?’ எத்தனை முறை எழுந்தார், எதனால் எழுந்தார், குறட்டையில் மூச்சு நின்றதை வீட்டில் யாராவது பார்த்தார்களா? உலகெங்கும் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும் பிஎச்க்யூ-9 வினாப்பட்டியலில் மூன்றாவது கேள்வி தூக்கம் பற்றியது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

தூக்கத்தைக் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ‘மனசு சரியில்லை’ என்று டாக்டரிடம் சொல்ல நம் ஊரில் இன்னும் கூச்சம். அக்கம்பக்கம் என்ன சொல்லும், பெண்ணுக்குச் சம்பந்தம் வருமா என்ற கணக்கெல்லாம் குறுக்கே நிற்கும். ‘தூக்கம் வரமாட்டேங்குது’ என்று சொல்வதில் யாருக்கும் வெட்கமில்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் பெரும்பான்மையினருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது. நோய்க்கு ஏற்ப அந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை. மனநலப் பிரிவின் வாசலை மிதிக்கத் தயங்குபவர்களைத் தூக்கத்தின் வழியாக அழைத்து வரலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. மாத்திரை இல்லாமல், தூக்கப் பழக்கத்தையும் அதுபற்றிய எண்ணங்களையும் சீர்செய்யும் பயிற்சியை இணையவழியில் கொடுத்தார்கள். தூக்கம் மேம்பட்டது, தேவையற்ற சந்தேகங்களும் மனச்சோர்வும் குறைந்தன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் விடுதிகளில் தங்கிப் படிக்கும் அண்ணாமலை நகரில், மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, இப்படியொரு பயிற்சியைத் தமிழில் தொடங்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேண்டுமா?

‘ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத இடத்தில் தூக்கத்தை வேறு விசாரிக்கச் சொல்கிறீர்களா’ என்று அரசு டாக்டர்கள் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் சுமை டாக்டர் மேல் விழக் கூடாது. கேள்வியை வீட்டிலேயே தன்னார்வலர் கேட்டு எழுதிவிட்டால், டாக்டரின் மேசைக்குப் பதில் தயாராக வரும். இரவில் நான்கு முறை எழுபவருக்கு முதலில் சர்க்கரையும் புராஸ்டேட்டும் பார்க்கப்படும், கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்து பார்க்கப்படும், மூச்சு நிற்பவர் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவார். காரணம் தெரியாமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவதும் குறையும்.

நேரத்தையும் மாற்ற வேண்டும். 2023 ஜூன் 6 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் 500 நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும்படி அவை அமைக்கப்பட்டன. கூலிக்குப் போய்த் திரும்பியவர் மாலையில் டாக்டரைப் பார்க்கலாம். நகரத்துக்குப் பொருந்திய இந்த ஏற்பாடு பரங்கிப்பேட்டைக்கும் புவனகிரிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் ஏன் பொருந்தாது? எல்லா நாளும் முடியாவிட்டால், வாரத்தில் இரண்டு மாலைகளாவது திறக்கட்டும்.

முகாம்களின் தேதியை ஊரின் நாள்காட்டி பார்த்துக் குறிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் கடலோடிகளுக்கு உடம்பைக் கவனிக்க நேரம் உண்டு. நள்ளிரவில் எழுந்து கடலுக்குப் போகும் வழக்கத்தால் சிதைந்த தூக்கத்தைச் சரிசெய்யவும் அதுவே காலம். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் ஊர்களுக்கு முகாம் அப்போது போக வேண்டும். காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுப்பு முடிந்த மாசியில், பண்ருட்டியில் முந்திரி சீசன் ஓய்ந்தபின். ‘தடைக்காலம் வரட்டும்’ என்று அவர்கள் சொல்வதை நம்பி, தடைக்காலம் வந்த அன்று டாக்டர் அங்கே நின்றால் தள்ளிப்போட அவர்களுக்கு இன்னொரு தேதி இருக்காது.

வீடுகளுக்கும் ஒரு வேலை உண்டு. வாரத்துக்கு மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அப்படியே சில வாரங்கள் நீடித்தால் அதை வயதின் மீதோ வேலையின் மீதோ போட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனம் இருண்டுபோகும் இரவுகளில் பேச 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த டெலி மானஸ் சேவையில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். பேருந்தும் இல்லை, கூலி இழப்பும் இல்லை. ரேஷன் கடை, மீன் ஏலக்கூடம், முந்திரித் தொழிற்கூடம், கல்லூரி விடுதி ஆகிய இடங்களில் அந்த ஐந்து இலக்கங்களைப் பெரிதாக எழுதிவைக்க மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. தூக்கம் பற்றிய கட்டத்தைப் பதிவேட்டில் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும். இரண்டையும் அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்கு முன் செய்து முடிக்கலாம்.